சத்திர அறங்காவலர்

சத்திர அறங்காவலர் என்போர், வழிப்போக்கர், யாத்திரிகர், ஆதரவற்ற முதியோர் முதலியோருக்கு உணவும் உறைவிடமும் அளிப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அறநிலையங்களின் சொத்துக்களை ஊதியம் பெறாமல் நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் ஆவர். சத்திரம், அன்னசாலை, தர்மசாலை, முதியோர் இல்லம் எனப் பல பெயர்களில் இவ்வறநிலையங்கள் வழங்குகின்றன. அறங்காவலரைப் பேச்சு வழக்கில் தர்மகர்த்தா என்றும் டிரஸ்டி என்றும் குறிப்பிடுவர்.

பெரிய கோயில்களின் அறங்காவலர் குழுக்களைப் பற்றி நாளிதழ்களில் செய்திகள் வருவதுண்டு. சிறிய சத்திரங்களின் நிர்வாகம் அவ்வாறு வெளியே தெரிவதில்லை. ஒரு பழைய கட்டடம், சில ஏக்கர் நஞ்சை, கடைவீதியில் இரண்டொரு கடைகள், வங்கியில் ஒரு வைப்புத் தொகை ஆகியவையே இத்தகைய அறநிலையம் ஒன்றின் மொத்தச் சொத்தாக இருக்கலாம். இதனை ஊரைச் சேர்ந்த மூவரோ ஐவரோ தம் தொழிலுக்கிடையே கிடைக்கும் நேரத்தில் கவனித்து வருவர். தமிழ்நாட்டில் எல்லாப் பொது அறக்கட்டளைகளையும் கண்காணிக்கும் ஒரே அதிகார அமைப்பு இல்லாமையால், சிறிய சத்திரம் ஒன்று நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் இச்சிலரின் நடத்தையையே பொறுத்துள்ளது.

சொற்பொருள்

சத்திரம் என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். ஆங்கிலேயர் ஆட்சிக் கால ஆவணங்களில் இது "சவுல்ட்ரி" எனக் குறிக்கப்பட்டது. இச்சொல் சாவடி என்னும் சொல்லின் திரிபு என்பர். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுக்களில் சாலை என்ற சொல் உணவளிக்கும் இடத்தைக் குறித்தது. அதற்கென விடப்பட்ட நிலம் சாலாபோகம் எனப்பட்டது. குறிப்பிட்ட ஒரு செயலுக்காக மட்டும், எடுத்துக்காட்டாக ஆண்டுக்கு ஒரு நாள் அன்னதானம் செய்வதற்காக, ஒதுக்கப்பட்ட சொத்து கட்டளை ஆகும். கட்டளைக்குப் பொறுப்பானவரும் சட்டத்தின் பார்வையில் அறங்காவலரே. எனினும் ஊரில் அவரைக் கட்டளைதாரர் என்றே அழைப்பர்.

வரலாறு

தமிழகத்தில் அறக்கொடைகளை எழுத்தில் பதிவு செய்யும் வழக்கம் மிகப் பழமையானது. கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இதற்கு ஒரு சான்றாகும். இவை பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட நிலக்கொடையைப் பற்றியவையே அன்றிச் சத்திரத்தைப் பற்றியவை அல்ல. ஆயினும் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், கொடுக்கப்பட்டது எது என்பவற்றை அழியாத பொருளில் எழுதி வைக்கவேண்டும் என்ற எண்ணத்தை இவற்றில் காணலாம். இன்றைய அறக்கட்டளைப் பத்திரமும் இதே கேள்விகளுக்கே விடையளிக்கின்றது.

பழைய சாசனங்கள் பலவற்றின் இறுதியில், இவ்வறத்தைக் காத்தவரின் பாதங்கள் தன் தலைமேல் இருக்கும் என்று கொடையாளி கூறுவதும், அதற்குத் தீங்கு செய்பவர் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்று எச்சரிப்பதும் வழக்கம். கொடையாளி இறந்த பின் அறத்தைக் காப்பது யார் என்ற கவலை அக்காலத்திலேயே இருந்தது என்பதை இவை காட்டுகின்றன. சாபம் எழுதப்பட்ட இடத்தில் இன்று தணிக்கை அறிக்கை உள்ளது எனலாம். இரண்டுமே எப்போதும் பலித்ததாகச் சொல்ல முடியாது.

நாயக்கர் காலத்தில் பெருவழிகளில் சத்திரங்கள் மிகுதியாகக் கட்டப்பட்டன. மதுரையில் 1689 முதல் ஆட்சிப் பொறுப்பை வகித்த இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமைக்காக இன்றும் நினைக்கப்படுகின்றார். மதுரைத் தொடருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள மங்கம்மாள் சத்திரம் இவர் பெயரால் வழங்குவதாகும். தஞ்சை மராத்திய மன்னர்களும் இப்பணியில் முதன்மையானவர்கள். இரண்டாம் சரபோசி 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை ஏற்படுத்தினார். இதற்கு முந்திய ஆண்டில் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று சத்திரங்கள் என்ன செய்தன என்பதை விரிவாகக் கூறுகின்றது. எல்லாச் சாதியினருக்கும் உணவளித்தல், நோயுற்ற பயணியைக் குணமாகும் வரை வைத்துப் பார்த்தல், பிள்ளைப்பேற்றுக்கு உதவுதல், அங்கே இறந்தோருக்கு ஈமச்சடங்கு செய்தல் என அப்பட்டியல் நீள்கின்றது. சத்திரம் என்பது வெறும் தங்குமிடம் அன்று என்பதற்கு இக்கடிதம் நல்ல சான்று.

மன்னர்களும் பாளையக்காரர்களும் அதிகாரம் இழந்தபின், இவ்வறங்களுக்குப் பொறுப்பாளர் யார் என்ற கேள்வி எழுந்தது. சென்னை மாகாண அரசு 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம் கோயில்கள், பள்ளிவாசல்கள், பாலங்கள், சத்திரங்கள் ஆகியவற்றுக்கு விடப்பட்ட சொத்துக்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் சமய நிறுவனங்களிலிருந்து அரசை விலக்கி, அவற்றை அறங்காவலர்களிடமும் உள்ளூர்க் குழுக்களிடமும் ஒப்படைத்தது. ஆனால் சத்திரங்கள் சமயம் சாராத அறங்களாகக் கருதப்பட்டதால் அரசின் பொறுப்பிலேயே தொடர்ந்தன. பின்னர் அவற்றில் பல, உள்ளாட்சி வாரியங்களுக்கும் நகராட்சிகளுக்கும் மாற்றப்பட்டன. பழைய சத்திரங்கள் சில இன்று ஒரு நகராட்சியின் உடைமையாகவும், வேறு சில வருவாய்த் துறையின் பொறுப்பிலும், இன்னும் சில தனிக்குடும்பங்களின் கையிலும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

பச்சையப்பர் அறக்கட்டளை

தனிமனிதர் ஒருவரின் அறம் அறங்காவலர் குழு ஒன்றின் கைக்கு வந்த வரலாற்றுக்குப் பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளையே தமிழகத்தில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். 1794இல் இறந்த இவர், தம் செல்வத்தைக் கோயில் பணிகளுக்கும் அன்னதானத்துக்கும் பிற அறங்களுக்கும் உயில் எழுதி வைத்தார். அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் நெடுங்காலம் நிறைவேற்றவில்லை. உறவினரிடையே வழக்குகள் நடந்தன. இறுதியில், அன்றைய தலைமை அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால் நீதிமன்றம் தலையிட்டு, பொறுப்பை ஓர் அறங்காவலர் குழுவிடம் அளித்தது. வழக்குக் காலத்தில் சேர்ந்த வட்டித்தொகை கல்விக்கு ஒதுக்கப்பட, 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே.

ஒருவரை நம்பி விடப்பட்ட அறம் அவரோடு முடங்கிவிடுகின்றது. பலர் சேர்ந்து பொறுப்பேற்று, அவர்களுக்கு மேலே ஒரு நீதிமன்றம் வகுத்த செயல்திட்டமும் இருந்தால், அது தலைமுறை கடந்து செல்ல வாய்ப்புண்டு. எனினும் குழு இருப்பதனாலேயே பூசல் ஒழிந்துவிடுவதில்லை என்பதற்கும் இவ்வறக்கட்டளையின் பிற்கால வழக்குகள் சான்றாகும்.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளைகளுக்கும் இடையே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு, மதுரையிலிருந்து கேரளத்தின் குமுளிக்குச் செல்லும் வழியாகும். வணிகர், ஏலத்தோட்டத் தொழிலாளர், சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர் ஆகியோர் இவ்வழியே செல்கின்றனர். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா, அமாவாசை நாட்களில் சுருளி அருவி, சனிக்கிழமைகளில் குச்சனூர் எனக் கூட்டம் கூடும் இடங்களும் பல. ஆதலால் சமுதாய மண்டபங்கள், மடங்கள், அன்னதானக் கட்டளைகள் ஆகியவை இங்கு இயல்பாகவே தோன்றின. மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப்பாதை 1928இல் திறக்கப்பட்டது. பின்னர்ப் பேருந்துகளும் பெருகியபோது, இரவு தங்கிச் செல்ல வேண்டிய பயணங்கள் குறைந்தன. அன்னதானம் மட்டும் குறையவில்லை.

இப்பகுதியின் அறநிலையங்களுக்கு வருவாய் தரும் முதன்மைச் சொத்து நிலம். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையாகப் பாசனம் பெறுகின்றது. இவ்வாயக்கட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் கட்டளையும் மதிப்புள்ள சொத்தை உடையதே. மதிப்பு உயரும் இடத்தில் ஆக்கிரமிப்பும் குறைந்த குத்தகையும் எளிதில் நுழைகின்றன.

உறவின்முறை என்னும் அமைப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாடார் சமூகத்தினரிடையே வளர்ந்த இம்முறையில், வணிகத்தின் மீது மகமை என்ற சிறு தொகை விதிக்கப்பட்டுப் பொதுநிதி திரட்டப்பட்டது. முறைகாரர்கள் அதனை நிர்வகித்து, உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்டினர். தேனி மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை கல்வி நிறுவனங்களை நடத்தி வருவது இம்முறை இன்றும் தொடர்வதைக் காட்டும். பணம் கொடுத்தவர் அனைவரும் அதே ஊரில், அதே கடைவீதியில் இருப்பதால், கணக்குக் கேட்கும் உரிமை இங்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. இறந்துபோன ஒரு கொடையாளியின் சத்திரத்துக்கு இந்த வசதி இல்லை.

உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களில் வாழும் இசுலாமியரின் அறச்சொத்துக்கள் வக்பு ஆகும். அவற்றை நிர்வகிப்பவர் முத்தவல்லி எனப்படுவார். வக்புக்கென்று தனிச் சட்டமும் வாரியமும் உள்ளன.

சட்ட அமைப்பு

இக்காலத்தில் சிறிய அறநிலையம் ஒன்றைத் தொடங்குவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்கின்றனர். முதலாவது, பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்படும் பொது அறக்கட்டளை. இதில் முதல் அறங்காவலர்களை நிறுவியவரே குறிப்பிடுவார். ஒருவர் விலகினால் எஞ்சியோர் புதியவரைச் சேர்த்துக்கொள்வர். இரண்டாவது, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதியப்படும் சங்கம். இதற்கு ஏழு உறுப்பினராவது தேவை. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக்கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடவேண்டும். அறக்கட்டளையில் நிலைத்தன்மை அதிகம், கேள்வி கேட்பவர் குறைவு. சங்கத்தில் கேள்வி கேட்க உறுப்பினர் உண்டு, ஆனால் தேர்தல் பூசலும் உண்டு.

பழைய இந்து அறநிலையங்களைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலைய மற்றும் அறக்கொடைகள் சட்டம் முக்கியமானது. கோயிலோடு இணைந்த கட்டளைகள் நேரடியாக இதன்கீழ் வருகின்றன. தனித்து நிற்கும் சத்திரமும் அன்னசாலையும் இச்சட்டத்தில் அறக்கொடை என வரையறுக்கப்பட்டுள்ளன. அத்தகைய ஒன்றின் நிர்வாகம் சீர்கெட்டிருப்பதாக அரசு கருதினால், விசாரணை நடத்தி, அறிவிக்கை மூலம் இச்சட்டத்தை அதற்கும் விரிவுபடுத்தலாம். நிறுவியவரின் வழிவந்தோர் அறங்காவலராக இருப்பது பரம்பரை அறங்காவலர் முறை. ஏனையவற்றுக்கு மூவருக்குக் குறையாமலும் ஐவருக்கு மேற்படாமலும் குழு அமைக்கச் சட்டம் இடமளிக்கின்றது.

அறங்காவலரின் கடமைகள் எவை என்று தேடுவோர் 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தை முதலில் காண்பர். இச்சட்டம் பொது அறக்கட்டளைகளுக்குப் பொருந்தாது என்று அதன் முதற் பிரிவே கூறுகின்றது என்பது பலரும் அறியாத செய்தி. எனினும் அதில் எழுதப்பட்ட கொள்கைகளை நீதிமன்றங்கள் பொது அறங்களுக்கும் எடுத்தாள்கின்றன.

கடமைகள்

அறங்காவலரின் பெயரில் சொத்து இருந்தாலும் அது அவருடையது அன்று. ஏனைய கடமைகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து பிறக்கின்றன. பத்திரத்தில் சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே செலவிடவேண்டும். தம் சொத்தைக் கவனிப்பது போன்ற அக்கறையோடு அறச்சொத்தைக் கவனிக்கவேண்டும். பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிடின் ஊதியம் பெறக்கூடாது. ஆனால் அறப்பணிக்காகத் தாம் கைப்பணம் செலவிட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறலாம். தம் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடக்கூடாது. கணக்கர், சமையற்காரர், மேலாளர் ஆகியோரை வேலைக்கு அமர்த்தலாம். முடிவெடுக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்க இயலாது.

இவற்றில் மிகுதியாக மீறப்படுவது, அறச்சொத்தால் அறங்காவலர் ஆதாயம் பெறக்கூடாது என்ற விதி. இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் ஒரு சத்திரத்துக்குக் கடைவீதியில் இரண்டு கடைகள் உள்ளன என்று கொள்வோம். ஐந்து அறங்காவலரில் ஒருவரின் மைத்துனர், மாதம் 3,000 ரூபாய் வாடகையில் ஒரு கடையைக் கேட்கின்றார். பக்கத்துக் கடையின் வாடகை 8,000 ரூபாய். "தெரிந்த பையன், ஒழுங்காகக் கொடுப்பான்" என்று அந்த அறங்காவலர் சொல்ல, மற்றவர்கள் முகத்துக்காக ஒப்புக்கொள்கின்றனர். இதில் எவரும் பணத்தைத் திருடவில்லை. ஆயினும் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சத்திரத்தின் அடுப்புக்கு வராமல் போகின்றது. அத்தொகையில் பல முதியோருக்கு உணவளித்திருக்கலாம்.

சரியான நடைமுறை கடினமானதன்று. உறவு உள்ள அறங்காவலர் அதனைக் கூட்டத்தில் முதலிலேயே தெரிவித்து, அப்பொருள் பேசப்படும்போது வெளியேற வேண்டும். அவர் வெளியேறியதும் குறிப்பேட்டில் எழுதப்படவேண்டும். கடை காலியாக இருப்பதை அறிவிப்பாக ஒட்டி, வரும் கேட்புகளுள் உயர்ந்ததை ஏற்கவேண்டும். மைத்துனரே உயர்ந்த வாடகை தர முன்வந்தால் அவருக்குக் கொடுப்பதில் தவறில்லை என்றாலும், வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையாயின் அந்த வாடகை சந்தை மதிப்புக்குக் குறையவில்லை என்பதற்கு ஆதாரம் வைத்திருக்கவேண்டும். நிறுவியவர், அறங்காவலர், அவர்தம் உறவினர் ஆகியோருக்கு அறச்சொத்து சலுகையாகப் பயன்பட்டால், வரிவிலக்கையே இழக்க நேரிடலாம்.

மௌனமாக இருந்த நால்வரின் நிலை என்ன என்பது அடுத்த கேள்வி. அறங்காவலர்கள் கூட்டாகவே செயற்பட வேண்டியவர்கள். உடன் அறங்காவலர் ஒருவர் அறத்துக்குக் கேடு செய்வதை அறிந்தும் தடுக்காமல் இருந்தவர், அதனால் ஏற்பட்ட இழப்புக்குப் பொறுப்பாவார். "நான் பெயருக்குத்தான் டிரஸ்டி" என்ற விளக்கத்தைச் சட்டம் ஏற்பதில்லை. மரியாதைக்காகப் பதவியை ஏற்கும் ஊர்ப் பெரியவர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது.

நிலத்தைப் பொறுத்தவரை கட்டுப்பாடுகள் இன்னும் கடுமையானவை. அறநிலையத் துறைச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனம் ஒன்றின் நிலத்தை விற்பதற்கும், அடகு வைப்பதற்கும், ஐந்தாண்டுக்கு மேற்பட்டுக் குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் முன் அனுமதி தேவை. அனுமதியின்றிச் செய்த விற்பனை செல்லாது. பொது அறக்கட்டளைகளின் வேளாண் நிலங்களைப் பற்றி 1961ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றும் உண்டு. இது சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆகவே அறங்காவலர், குத்தகைதாரரை விருப்பம்போல் வெளியேற்றவும் முடியாது, குத்தகையை வசூலிக்காமல் விடவும் முடியாது. 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, பட்டாவை அறநிலையத்தின் பெயரில் பெறத் தவறியவை பின்னாளில் உரிமையை நிறுவ முடியாமல் தவித்தன. இன்றும் புதிதாகப் பொறுப்பேற்கும் அறங்காவலர் முதலில் செய்யத்தக்கது, மூலப்பத்திரத்தைப் படித்து, பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை அறநிலையத்தின் பெயரில் உள்ளனவா என்று பார்ப்பதே.

கூட்டமும் கணக்கும்

பத்திரத்தில் பொதுவாக ஆண்டுக்கு எத்தனை கூட்டங்கள், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுவர் என்பன குறிக்கப்பட்டிருக்கும். தீர்மானங்கள் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, வந்திருந்தவர்கள் கையொப்பமிடுவர். மாற்றுக் கருத்து உடையவர் அதனையும் எழுதச் சொல்லலாம். வங்கிக் காசோலையில் இருவர் கையொப்பம் இடுவது பரவலான வழக்கம். ஒருவரே கையொப்பமிட்ட காசோலைப் புத்தகத்தை மற்றவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பதும் துரதிர்ஷ்டவசமாகப் பரவலான வழக்கமே.

அன்னசாலைக் கணக்கில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நன்கொடை பணமாக மட்டும் வருவதில்லை. அரிசி மூட்டை, காய்கறி, எண்ணெய், வாழைக்குலை என்று பொருளாகவும் வருகின்றது. பணத்துக்கு இரசீது கொடுக்கும் அறநிலையங்கள் பொருளுக்கு இருப்புப் பதிவேடு வைக்க மறந்துவிடுகின்றன. வரவு, செலவு, அன்று உண்டவர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் நாள்தோறும் ஒரே பக்கத்தில் எழுதினால், எந்த மாதத்தில் அரிசி கணக்குக்கு மீறிப் போனது என்பது எவருக்கும் விளங்கும்.

வரிவிலக்கு பெற, வருமானத்தில் 85 விழுக்காட்டை அறநோக்கத்துக்குச் செலவிட வேண்டும். வருமானம் வரம்பைக் கடந்தால் பட்டயக் கணக்கர் தணிக்கை கட்டாயமாகும். முன்பு ஒருமுறை பெற்றால் போதும் என்றிருந்த பதிவை, 2021 முதல் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியுள்ளது. எழுத்தர் எவரும் இல்லாத சிறிய அறக்கட்டளைகளுக்கு இது சுமையாகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெறாமல் அதனை ஏற்கக்கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் வெளிநாட்டில் ஈட்டி அனுப்புவதற்கு இத்தடை இல்லை.

தங்குவோரின் நிலை

சத்திரத்திலோ முதியோர் இல்லத்திலோ தங்கும் முதியவர் வாடகைதாரர் அல்லர், பயனாளி. எனவே வாடகைச் சட்டம் அவருக்குத் துணை வராது. அவரைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அறங்காவலரின் முடிவு என்பதால், அம்முடிவு எழுதப்பட்ட விதிகளின்படி அமைவது இன்றியமையாதது. யாருக்கு இடம் தரப்படும், நோயுற்றால் மருத்துவச் செலவு யாருடையது, இறந்தால் யாருக்கு அறிவிப்பது, அவர் கொண்டுவந்த நகையும் சேமிப்பும் யாரிடம் இருக்கும் ஆகியவற்றைச் சேரும் நாளிலேயே எழுதிக்கொள்ளுதல் முறை. முதியவரின் வீட்டையோ நிலத்தையோ தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு இடமளிக்கும் அறங்காவலர், எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், கடமை தவறியவராகவே கருதப்படுவார்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், மாவட்டந்தோறும் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கத்தக்க இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று கூறுகின்றது. எனினும் இப்பணியின் பெரும்பகுதி தன்னார்வ நிறுவனங்களின் கையிலேயே உள்ளது.

மேற்பார்வையும் நீக்கமும்

மகாராட்டிரத்திலும் குசராத்திலும் எல்லாப் பொது அறக்கட்டளைகளும் அற ஆணையரிடம் பதிந்து கணக்குக் காட்டவேண்டும். இம்முறை 1950ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சமயம் சாராத அறக்கட்டளைகளுக்கு இத்தகைய ஆணையர் இல்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவாரேயன்றி அதன்படி அறம் நடக்கின்றதா என்று பார்ப்பதில்லை. வருமான வரித் துறை வரியை மட்டுமே நோக்குகின்றது.

எஞ்சியிருப்பது நீதிமன்றம். 1920ஆம் ஆண்டின் அறநிலையங்கள் மற்றும் சமய அறக்கட்டளைகள் சட்டத்தின்படி, அறத்தில் அக்கறை உள்ள எவரும் அதன் நோக்கம், சொத்து, கணக்கு ஆகியவற்றைக் காட்டுமாறு மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்யலாம். இச்சட்டம் அறங்காவலருக்கும் பயன்படும். ஐயம் எழுந்தால் அவரே நீதிமன்றத்தின் அறிவுரையைக் கோரலாம். கடுமையான முறைகேடுகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு உள்ளது. அக்கறை உள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, அறங்காவலரை நீக்கவும் புதியவரை அமர்த்தவும் செயல்திட்டம் வகுக்கவும் வழக்குத் தொடரலாம். 1976க்கு முன் இதற்குத் தலைமை அரசு வழக்கறிஞரின் இசைவு தேவைப்பட்டது. வழக்குத் தொடுப்பவருக்கு இதில் சொந்த ஆதாயம் எதுவும் கிடைக்காது. செலவும் பகையும் மட்டும் அவருக்கு உண்டு. ஆதலால் ஊரில் பலருக்குத் தெரிந்த முறைகேடும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தை எட்டாமல் இருந்துவிடுகின்றது.

நோக்கம் மாறுதல்

நிறுவியவர் கருதிய தேவையே மறைந்துவிட்டால், அதற்கு மிக நெருங்கிய வேறு நோக்கத்துக்குச் சொத்தைப் பயன்படுத்த நீதிமன்றம் இசைவளிக்கலாம். சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தையொட்டிக் கஞ்சி ஊற்றும் இடமாகத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தோடு, 1799இல் ஒரு மருத்துவ நிலையம் சேர்ந்தது. அது வளர்ந்து இன்றைய அரசு ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. அம்மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆசுப்பத்திரி என்று மக்கள் அழைத்ததன் காரணம் இதுவே. சத்திரம் முதியோர் இல்லமாகத் தொடர்ந்தது. தஞ்சைச் சத்திரங்களின் நிதியிலிருந்து திருவையாற்றில் கல்லூரி எழுந்தது. இவை முறையாக நிகழ்ந்த மாற்றங்கள்.

முறையற்ற மாற்றமும் உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் பல சத்திரங்கள் திருமண மண்டபங்களாகியுள்ளன. மண்டப வாடகையைக் கொண்டு அன்னதானத்தை நடத்துவது ஏற்கத்தக்கதே. வாடகை பெருகியும் அடுப்பு எரியாமல் இருந்தால், அது சத்திரம் என்ற பெயர் பூண்ட வணிகம் ஆகிவிடுகின்றது.

பிற நாடுகளில்

செருமனியின் ஆக்சுபர்க் நகரில் யாக்கோபு புக்கர் 1521இல் நிறுவிய புக்கரை குடியிருப்பு இன்றும் ஏழைகளுக்கு வீடளிக்கின்றது. ஆண்டு வாடகை 0.88 யூரோ மட்டுமே. புக்கர் குடும்பத்தின் கிளைகளே இதன் அறக்கட்டளையை மேற்பார்க்கின்றன. பரம்பரை நிர்வாகம் எப்போதும் கேடானதன்று என்பதற்கு இதனைக் காட்டலாம். இங்கிலாந்தின் வின்செசுட்டரில் 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய புனித சிலுவை அறமனையின் கதை வேறு. அதன் தலைவராயிருந்த கில்போர்டு பிரபு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வருவாயின் பெரும்பங்கைத் தாமே எடுத்துக்கொண்டமை பெரும் வழக்காயிற்று. அந்தோனி டிரோலோப் 1855இல் வெளியிட்ட "தி வார்டன்" என்னும் புதினத்துக்கு இத்தகைய நிகழ்வுகளே தூண்டுதலாயின. இங்கிலாந்தில் 1853இல் அற ஆணையம் அமைக்கப்பட்டது.

பதவி வெற்றிடம்

சிறிய சத்திரங்களை அழிப்பது மோசடியை விடப் பெரும்பாலும் பதவி வெற்றிடமே. ஐவரில் இருவர் இறக்கின்றனர். ஒருவர் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ சென்ற மகனோடு போய்விடுகின்றார். எஞ்சிய இருவருக்கும் பேச்சு இல்லை. கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கை சேராததால் புதியவரை நியமிக்கவும் முடிவதில்லை. வங்கி, கையொப்பம் பொருந்தாத காசோலையைத் திருப்புகின்றது. இந்நிலையில் நீதிமன்றத்தை அணுகுவதைத் தவிர வேறு வழி இராது. எனவே பதவி காலியான குறித்த நாட்களுக்குள் புதியவரை நியமித்தல், வயது அல்லது கால வரம்பு வைத்தல், பெண்களையும் இளையோரையும் சேர்த்தல் ஆகியவற்றைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது இப்போது பரிந்துரைக்கப்படுகின்றது.

தொலைவிலுள்ள சொத்தையும் தொடர்ச்சியான நிர்வாகம் காக்க இயலும். நகரத்தார் காசியில் நிறுவிய நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் தமிழகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழுவால் நடத்தப்படுகின்றது. அதற்குரிய நந்தவன நிலம் அங்கே ஆக்கிரமிப்பில் இருந்தது. சத்திரத்தார் அதனை மீட்டு, அவ்விடத்தில் யாத்திரிகருக்குப் புதிய விடுதி கட்டினர். அது 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.